முடிவு பிளேயர் கையில், கணக்கு உங்கள் கையில்

‘எனக்குக் கதை எழுத வரும், சின்ன வயதிலிருந்தே கேம் ஆடுகிறேன்’ என்று ஆரம்பிக்கும் ரெஸ்யூமேயை எந்த ஸ்டூடியோவும் முழுசாகப் படிப்பதில்லை. கேம் ஆட எல்லோருக்கும் வரும். கதை எழுதுவதாகவும் எல்லோரும்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கேமின் கதையை வடிவமைக்கும் நெரேட்டிவ் டிசைனர் என்ற நாற்காலி இந்தியாவில் குறைவு, அதற்கு நிற்கும் வரிசை நீளம். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் கேமிங் சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை விழுந்தது. ரம்மி, ஃபேன்டசி கம்பெனிகளிலிருந்து வெளியே வந்த அனுபவசாலிகளும் இப்போது அதே வரிசையில் நிற்கிறார்கள். ஏற்காட்டிலோ சேலத்திலோ உட்கார்ந்துகொண்டு அவர்களை முந்த வேண்டுமென்றால், ஏதாவது ஒரு விஷயத்தில் நீங்கள் கெட்டிக்காரர் என்று காட்டியாக வேண்டும்.

நான் சிபாரிசு செய்யும் விஷயம் இது: பிளேயர் எடுத்த முடிவைக் கதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அடுத்த பாகம் வரும்போது அந்த ஞாபகத்தை என்ன செய்கிறது. சாய்ஸ் கொடுக்கும் ஒவ்வொரு கேமும் பிளேயரிடம் கடன் வாங்குகிறது. ஸீக்வல் வரும் நாளில் அவர் வட்டியோடு கேட்பார். அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் எங்கேயும் குறைவு. அதனால்தான் அதற்கு விலை இருக்கிறது.

1. நோட்டு வைத்துக்கொண்டு ஆடுங்கள்

பொழுதுபோக்காக ஆடியதெல்லாம் போதும். இனி ஒரு நோட்டில் மூன்று காலம் போடுங்கள். என்ன முடிவு கேட்டார்கள்? அதை எப்போது திரும்ப ஞாபகப்படுத்தினார்கள்? ஞாபகப்படுத்தியபோது உங்களுக்குள் என்ன நடந்தது? மூன்றாவது காலத்தை நேர்மையாக எழுதினால் போதும், பாதி டிசைன் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

டெல்டேல் கம்பெனியின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) கேமிலிருந்து ஆரம்பியுங்கள். பதில் சொன்னதும் திரையின் மூலையில் ‘இவர் இதை ஞாபகம் வைத்துக்கொள்வார்’ என்று ஒரு வரி வந்து மறையும். ஆடி முடித்தவர்கள் இன்னொரு தடவை வேறு வழியில் ஆடிப் பார்த்தார்கள். கதை பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் போனது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் கோபப்பட்டதும் உண்மை. ஆனாலும் முதல் தடவை ஆடியபோது கை நடுங்கியதை யாரும் மறுக்கவில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்பே, முடிவெடுக்கும் அந்த சில விநாடிகளிலேயே பிளேயருக்குப் பாதி விருந்து கிடைத்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டவர் 40 முடிவு எழுதி உடம்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

அதற்கு நேர் எதிர் ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ (2018). ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், நீங்கள் போன பாதை, போகாமல் விட்ட பாதை எல்லாவற்றையும் ஃப்ளோசார்ட்டாகப் போட்டுக் காட்டிவிடும். சிலருக்கு அது திரும்ப ஆடும் ஆசையைத் தரும். எனக்கு அது மேஜிக் முடிந்ததும் தொப்பிக்குள் கையை விட்டுக் காட்டுவதுபோல் இருந்தது. உங்கள் கருத்து எதுவானாலும் பரவாயில்லை. கருத்து என்று ஒன்று இருக்கட்டும், அதற்குக் காரணமும் இருக்கட்டும். இன்டர்வியூவில் ‘சூப்பர் கேம் சார்’ என்று சொல்பவரை அங்கேயே கழித்துவிடுவார்கள்.

2. ஸீக்வல் வழக்குகளை வக்கீல் மாதிரி தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

முதல் பாகத்தில் மூன்று முடிவு வைத்தாயிற்று. இரண்டாம் பாகம் எந்த முடிவிலிருந்து தொடங்கும்? இந்தத் தலைவலியில் சிக்காத பெரிய ஸ்டூடியோ கிடையாது. அவர்கள் தேடிக்கொண்ட வழிகள் நாலைந்துதான். ஒவ்வொன்றும் என்ன விலை கேட்டது என்பது உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சுமப்பது ஒரு வழி. ‘மாஸ் எஃபெக்ட்’ (2007, 2010, 2012) மூன்று பாகங்களும் அப்படித்தான். முதல் பாகத்தின் சேவ் ஃபைலை இரண்டாவதில் ஏற்றலாம், அதை அப்படியே மூன்றாவதுக்கும் கொண்டுபோகலாம். முதல் பாகத்தில் ரெக்ஸ் என்ற தோழன் செத்துப்போனால் அவன் பின்னால் வரவே மாட்டான். அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். ஆட்கள் ஐந்து வருஷம் பழைய ஃபைலைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். கணக்கு இடறிய இடங்களும் உண்டு. முதல் பாகத்தில் ராக்னி என்ற இனத்தின் ராணியைக் கொல்வதா விடுவதா என்று பிளேயர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். கொன்றிருந்தாலும் மூன்றாம் பாகத்தில் செயற்கையாக உருவாக்கிய இன்னொரு ராணி வந்து அதே மிஷன் ஓடும். ‘அப்புறம் என்னை ஏன் கேட்டீங்க?’ என்ற கேள்வி அங்கேயே முளைத்துவிட்டது.

கடைசிக் காட்சியில் அது வெடித்தது. நூறு மணி நேரத்துக்கு மேல் எடுத்த முடிவுகள் எல்லாம் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று கிட்டத்தட்ட ஒரே காட்சியாக வந்து நின்றன. 2012 மார்ச்சில் ரசிகர்கள் கிளம்பினார்கள். கேமை எடுத்த பயோவேரின் எட்மன்டன் அலுவலகத்துக்கு நானூறு கப்கேக் அனுப்பினார்கள். மூன்று நிறம், ருசி ஒன்று. இதைவிடக் கூர்மையான ஃபீட்பேக்கை நான் பார்த்ததில்லை. அந்த ஜூன் மாதமே கம்பெனி முடிவை விரித்து எழுதி இலவசமாகக் கொடுத்தது.

எல்லா முடிவும் நடந்தது என்று சாதிப்பது இன்னொரு வழி. ‘டியஸ் எக்ஸ்’ (2000) மூன்று முடிவு வைத்தது. 2003இல் வந்த ‘இன்விசிபிள் வார்’ மூன்றையும் குழைத்து ஒன்றாக்கியது. யாரையும் கோபப்படுத்தக் கூடாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்வது மூன்றாவது. ‘விட்சர் 3’ (2015) ஆரம்பத்தில் நாயகன் கெரால்ட் அரண்மனையில் ஷேவிங் செய்துகொள்ள உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஓர் அதிகாரி பழைய சம்பவங்களைப் பற்றி விசாரிப்பார். நீங்கள் சொல்லும் பதில்தான் முந்தைய பாகத்தின் சரித்திரம். இதில் எனக்குப் பிடித்தது செலவில்லாத புத்திசாலித்தனம். பழைய ஃபைல் தேவையில்லை, முதல் தடவை ஆடுபவரும் தடுமாற மாட்டார், பழைய ஆட்டக்காரருக்கும் மரியாதை கிடைத்துவிடும். சின்ன டீமுக்கு இதைவிடத் தோதான வழி இல்லை.

‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ (2015) இதையே வேறு சூழ்நிலையில் செய்து மாட்டிக்கொண்டது. ஊரைக் காப்பாற்றுவதா, தோழி க்ளோயியைக் காப்பாற்றுவதா என்று முதல் பாகம் கேட்டது. 2018இல் தொடங்கிய இரண்டாம் பாகம் புத்திசாலித்தனமாக வேறு மனிதர்களின் கதைக்குப் போய்விட்டது. 2024இல் ‘டபுள் எக்ஸ்போஷர்’ பழைய நாயகி மேக்ஸைத் திரும்பக் கூட்டி வந்தது. க்ளோயி பிழைத்தாளா என்று கேட்டது. பிழைத்தாள் என்றால், இப்போது இருவரும் சேர்ந்து இல்லை என்றது. ஓர் ஊரையே பலி கொடுத்துத் தோழியைக் காப்பாற்றிய பிளேயருக்கு எப்படி இருக்கும்? கேட்ட கேள்வி சரி. பதிலுக்குக் கொடுத்த மதிப்புதான் போதவில்லை.

பெரும்பாலானதைக் கைகழுவுவது கடைசி வழி. ‘டிராகன் ஏஜ்: தி வெய்ல்கார்ட்’ (2024) முந்தைய மூன்று பாகங்களில் சேர்ந்த மூட்டையிலிருந்து மூன்றே மூன்று முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. எழுதும் டீமுக்கு நிம்மதி, பழைய ரசிகருக்குக் குறை. ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) எடுத்த லேரியன் ஸ்டூடியோவோ அடுத்த பாகத்தை நாங்கள் செய்யப்போவதில்லை என்று 2024லேயே ஒதுங்கிக்கொண்டது. அத்தனை கிளைகளை வளர்த்துவிட்ட பிறகு அடுத்தவர் எங்கிருந்து தொடங்குவார் என்று யோசித்துப் பாருங்கள், ஒதுங்கியதில் தப்பில்லை.

3. சாய்ஸ் இல்லாத கதையைக் குறைத்துப் பேசாதீர்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் தப்பு இது. கிளை அதிகமானால் கேம் நல்லது என்று நினைக்கிறார்கள். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் எடுத்த ‘வெண்பா’ (2023) பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இன்றைக்கே ஆடுங்கள், ஒரு சாயந்தரம் போதும். எண்பதுகளில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், மகன் கவின். அம்மாவின் கிழிந்துபோன சமையல் நோட்டை வைத்து விடுபட்ட வரிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். பேச்சில் சின்னச் சின்ன சாய்ஸ்கள் வரும், கதை போக வேண்டிய இடத்துக்குத்தான் போகும். யாருக்கும் குறை தோன்றவில்லை. காரணம், இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று பிளேயர் கையால் கண்டுபிடிக்கிறார். அந்தக் கண்டுபிடிப்பே அவருடைய முடிவு. 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது அதற்குத்தான் போனது.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் எடுத்த ‘ராஜி’ (2020) முழுக்க நேர்கோட்டுக் கதை. கதை சட்டென்று நின்றுவிட்டது என்ற முணுமுணுப்பு அதன் மேல் உண்டு. இப்போது ‘ராஜி: கலியுகா’ என்று அடுத்த பாகத்தை அறிவித்திருக்கிறார்கள். அதாவது கிளையே இல்லாத கதையும் கடன் வைக்கும்; முடிக்காமல் விட்ட இடமே கடன்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ (2020) இன்னும் துணிச்சல். முதல் பாகத்தில் நாம் நேசித்த ஜோயலை ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டு, கொன்றவளாகவே நம்மை ஆட வைத்தது. பிளேயரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விருதும் குவிந்தது, வசவும் குவிந்தது. ‘பிளேயருக்குப் பிடித்ததைக் கொடுப்பதா, கதைக்குத் தேவையானதைக் கொடுப்பதா?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் இந்த ஒரு கேமை வைத்தே கால் மணி நேரம் பேசலாம். பேசத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. உங்கள் மலையை விற்கத் தெரிந்துகொள்ளுங்கள்

பெங்களூரில் இருப்பவரிடம் இல்லாத சரக்கு உங்களிடம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது மூடுபனி, பழைய எஸ்டேட் பங்களா, வெள்ளைக்காரத் துரையின் ஆவி. தயவுசெய்து வேண்டாம். இந்த மூன்றும் உள்ள டெமோவைத் திறக்கும்போதே பார்ப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

கிளைக்கதை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் புதிதல்ல. மலையாளிப் பழங்குடி மக்களின் பூர்வீகக் கதையைக் கேளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பினார்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார். மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்று ஒரு வடிவம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் தங்கள் சாமியைத் தொடர்ந்து சேலம் வரை ஒன்றாக வந்து, அங்கே ஆளுக்கொரு வழி பிரிந்தார்கள் என்று இன்னொரு வடிவம். நடுவண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுப்பிலேயே இந்த வடிவங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே தொடக்கம், ஒரே பிரிவு, மூன்று மலை, மூன்று சந்ததி. கேம் டிசைனர் இதற்கு மேல் என்ன கேட்பார்?

அதற்காக நேரே எடுத்து கேம் செய்துவிடாதீர்கள். இது உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் வரலாறு. சேர்வராயன் கோயில் குகையில் ஒவ்வொரு மே மாதமும் அவர்கள் திருவிழா நடத்துகிறார்கள். பெயரையும் சாமியையும் தொடுவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசுங்கள், சம்மதம் வாங்குங்கள், கிரெடிட்டில் பெயர் போடுங்கள். இது நாகரிகம். கேரியருக்கும் நல்லது: வெளிநாட்டு ஸ்டூடியோக்கள் இப்போது ‘யாரிடம் கேட்டீர்கள்?’ என்று கேட்கின்றன. ‘கேட்டேன், இன்னது வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டேன்’ என்று சொல்லும் ஆள் அவர்களுக்குப் பொறுப்பான ஆளாகத் தெரிவார்.

இன்னொரு பாடம் மலையடிவாரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டாமல் நீங்கள் மேலே ஏற முடியாது. அங்கே தயாரான ‘மந்திரி குமாரி’ படம் (1950), மு. கருணாநிதி வசனம், குண்டலகேசிக் கதையிலிருந்து வந்தது. கணவன் மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறான், தள்ளிவிட. அவள் கடைசியாக ஒரு தடவை உங்களைச் சுற்றி வந்து வணங்குகிறேன் என்கிறாள். சுற்றி வருபவள் தள்ளிவிடுகிறாள். அந்தக் காட்சியை ஏற்காட்டு மலையில்தான் எடுத்தார்கள் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். டிசைனர் கண்ணால் பாருங்கள்: அவள் தள்ளலாம், தள்ளாமல் இருக்கலாம். எதைச் செய்தாலும் திரும்ப முடியாது. நேரம் இல்லை. அவன் மேல் அவளுக்கு இருந்த பிரியம் முந்தைய காட்சிகளில் நமக்குத் தெரியும். நல்ல சாய்ஸுக்கு வேண்டிய எல்லாமே அந்த உச்சியில் இருக்கிறது. ‘இடது பக்கம் போகலாமா, வலது பக்கம் போகலாமா’ என்று கேட்பதெல்லாம் சாய்ஸில் சேராது.

5. ஒரு டெமோ, பத்து நிமிஷம், முடித்தது

பாதியில் நிற்கும் பெரிய காவியத்தைவிட முடித்த பத்து நிமிஷத்துக்கு மதிப்பு அதிகம். எப்படி என்று ஒன்று செய்து காட்டுகிறேன்.

மலையில் ஒரு காபி எஸ்டேட். பழம் பறிக்கும் சீசன். பிளேயர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரைட்டர், அதாவது கணக்கு எழுதும் பையன். சாயந்தரம் பழம் பறிக்கும் ஓர் அக்காவின் மூட்டைகளை எடை போடும்போது தராசு மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. மேஸ்திரியிடம் சொல்லலாம். முதலாளியிடம் சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு நோட்டில் எழுதலாம்.

அனுபவமில்லாதவர் இங்கே மூன்று தனித்தனிக் கதை எழுதக் கிளம்புவார். மூன்று முடிவு, ஒவ்வொன்றிலும் மூன்று, அதில் மறுபடி மூன்று. மூன்றாவது சுற்றிலேயே 27 கதை. எழுதி மாளாது, டெஸ்ட் செய்தும் மாளாது. நீங்கள் ஒரே ஒரு வேரியபிள் வையுங்கள். பெயர் ‘தராசு’, மதிப்பு 1, 2 அல்லது 3. மூன்று பாதையும் இரண்டு நாள் கழித்து அதே களத்தில், அதே எடை போடும் நேரத்தில் வந்து சேரட்டும். அதே அக்கா மூட்டையோடு வருகிறார்.

மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால்: “தம்பி, நீங்கதான் சொன்னீங்கன்னு மேஸ்திரி சொன்னாரு. இன்னிக்கு முள்ளை நானே பாத்துக்கறேன், நீங்க எழுதுங்க.”

முதலாளியிடம் சொல்லியிருந்தால்: “புதுத் தராசு வந்திருக்குதாமே. பழசுல போன காசு எப்பங்க தம்பி வரும்?”

சொல்லாமல் இருந்தால் அவர் ஒன்றும் பேசுவதில்லை. மூட்டையைத் தராசில் வைக்கும் முன் இரண்டு கையாலும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறார். முள் நின்றதும் உங்களைப் பார்க்கிறார். பிளேயர் எண்ணை டைப் செய்ய வேண்டும். சரியான எடையையா, முள் காட்டும் எடையையா என்று கேம் கேட்பதில்லை, கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

காட்சி ஒன்று, படம் ஒன்று, இசை ஒன்று. எழுதியது மூன்று துண்டு. பிளேயருக்கோ மூன்று வேறு உலகம். முதலாவது பதிலில் நல்லது செய்த திருப்தி. இரண்டாவதில் நல்லது செய்தும் தீராத பாக்கி. மூன்றாவதில் இன்னொரு வாய்ப்பு. மூன்றையும் ஒரே அளவு இனிப்பாகவோ கசப்பாகவோ வைக்காதீர்கள். ஆனால் ‘சரியான பதில்’ எது என்று பிளேயருக்கு வாசனை வந்துவிட்டால், அதன் பிறகு அவர் ஆடுவது பரீட்சைதான்.

இப்போது உங்களைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு பக்கம். டெமோவோடு ‘பார்ட் 2 நோட்’ என்று ஒன்று இணையுங்கள். இருபது வருஷம் கழித்து அந்த எஸ்டேட் பங்களா ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. ரைட்டரின் மகள் டூரிஸ்டாக வந்து ரூம் கேட்கிறாள். ரிசப்ஷனில் இருப்பது அந்த அக்காவின் மகன். ரெஜிஸ்டரில் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான்: “உங்கப்பா இங்க ரைட்டரா இருந்தாருங்களா? அந்தத் தராசு விஷயத்தை வெளிய சொன்னது அவருதானுங்களா?” பிளேயர் சொல்லும் பதில்தான் முதல் பாகத்தின் முடிவு. எந்த ரூம் கொடுக்கிறான், அட்வான்ஸ் கேட்கிறானா இல்லையா என்பதில் அது தெரியும். அரைப் பக்கத்தில் இதை எழுதி, எந்த வழியை ஏன் எடுத்தேன், எந்த வழியை ஏன் விட்டேன் என்று இரண்டு வரி சேருங்கள். ஜூனியர் போர்ட்ஃபோலியோக்களில் இப்படி ஒரு பக்கம் வருவது அபூர்வம். திறந்து பார்ப்பார்கள்.

6. டூல்ஸுக்குக் காசு செலவழிக்காதீர்கள்

கிளைக்கதை எழுத உதவும் ட்வைன் இலவசம், பிரவுசரிலேயே ஓடும். இங்க் இலவசம், ஓபன் சோர்ஸ். லண்டனைச் சேர்ந்த மேக்னா ஜெயந்த் எழுதிய ‘80 டேஸ்’ (2014) இங்க்கில் எழுதப்பட்டதுதான். உலகத்தைச் சுற்றி வரும் அந்தக் கதையில் லட்சக்கணக்கான வார்த்தைகள், ஒரு தடவை ஆடினால் அதில் சின்னத் துணுக்குதான் கண்ணில் படும். டைம் பத்திரிகை அந்த வருஷத்தின் சிறந்த கேம் என்றது. படமும் வேண்டுமென்றால் ரென்பை.

தமிழில் டெமோ செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில என்ஜின்களில் தமிழ் எழுத்து சிதறும். ‘கொ’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். அனுப்புவதற்கு முன் இன்னொருவர் போனிலும் லேப்டாப்பிலும் திறந்து பாருங்கள். சிதறினால் வேறு டூலுக்கு மாறுங்கள். தமிழும் ஆங்கிலமும் இரண்டு வெர்ஷன் வைப்பது உத்தமம். தமிழ் உங்கள் குரலைக் காட்டும், ஆங்கிலம் உங்களை வேலைக்கு எடுப்பவருக்குப் புரியும்.

7. முன் கதவு மூடியிருந்தால் QA கதவு

புனே, மும்பையில் யூபிசாஃப்ட், பெங்களூரில் ராக்ஸ்டார், ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்று பெரிய பெயர்கள் இந்தியாவில் இருக்கின்றன. ஆனால் இங்கே ஆள் எடுப்பது அதிகமும் ஆர்ட், புரோகிராமிங், டெஸ்டிங். கதை இலாகா பெரும்பாலும் வெளிநாட்டில். அதனால் QA என்ற டெஸ்டிங்கை இளக்காரமாக நினைக்காதீர்கள். கிளைக்கதை கேமை டெஸ்ட் செய்வது தனி வித்தை. ‘மேஸ்திரியிடம் சொன்னேன், பிறகு சேவ் செய்து வெளியே வந்து திரும்ப லோட் செய்தேன், அக்கா முதலாளி வசனத்தைப் பேசுகிறார்’ என்று ஸ்டெப் ஸ்டெப்பாகப் பக் எழுதுபவருக்குக் கதையின் எலும்புக்கூடு மனப்பாடமாகிவிடும். ஆறு மாதத்தில் ரைட்டர்களே உங்களிடம் சந்தேகம் கேட்பார்கள். அப்போது உங்கள் டெமோவை எடுத்து நீட்டுங்கள். அதற்கு முன்னால் நீட்டாதீர்கள்.

வெளியிலும் முகம் காட்டுங்கள். இந்தியா கேம் டெவலப்பர் கான்ஃபரன்ஸ் 2025 நவம்பரில் சென்னைக்கே வந்தது. அந்த மாதிரி இடத்துக்குப் போனால் செல்ஃபி எடுப்பதை விட்டுவிட்டு, சின்ன ஸ்டூடியோ ஸ்டாலில் அவர்கள் கேமை முழுசாக ஆடிப் பாருங்கள். ‘இந்த இடத்தில் நான் இல்லை என்று சொன்னேன், அடுத்த சீனில் அவர் ஆமாம் சொன்ன மாதிரியே பேசுகிறார்’ என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள், மரியாதையாக. உங்கள் பெயர் அவர்களுக்கு மறக்காது. வருஷா வருஷம் ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாமிலும் கலந்துகொள்ளுங்கள். இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி, தேவையில்லாத கிளைகளைத் தானே வெட்டிவிடும்.

மே மாத சீசனில் ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஹோம்ஸ்டே, டாக்ஸி, கடை என்று வீடே ஓடும். அதற்கு முன்னாலேயே அப்ளை செய்துவிடுங்கள். சீசன் நடுவில் வீடியோ கால் வந்து, பின்னால் டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்தால் யாருக்கும் அது ரசமாக இருக்காது. நெட் சரியில்லாத வீடு என்றால் சேலத்தில் ஒரு நண்பர் வீட்டை முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

8. அவர்கள் கேட்கும் நான்கு கேள்விகள்

“எங்கள் கேமில் என்ன மாற்றுவீர்கள்?” இதற்கு வாய்க்கு வந்ததையெல்லாம் குறை சொன்னால் திமிர், ஒன்றுமே இல்லை என்றால் சோம்பல். ஒரே ஒரு சாய்ஸை எடுங்கள், அதை ஞாபகப்படுத்தும் ஒரே ஒரு வசனத்தைச் சேர்ப்பதாகச் சொல்லுங்கள். புது அனிமேஷன் வேண்டாம், புது லெவல் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். செலவு தெரிந்த எழுத்தாளரைப் புரொட்யூசருக்குப் பிடிக்கும்.

“பிளேயர் எல்லோரும் ஒரே பதிலையே தேர்ந்தெடுத்தால்?” மற்ற பதிலுக்கு விலை வைக்கவில்லை என்று அர்த்தம். கெட்ட பதிலில் ஏதாவது ஒரு ஆசை இருக்க வேண்டும்.

“உங்கள் கதையில் ஸீக்வல் எப்படி?” பார்ட் 2 நோட் கையில் இருக்கிறது, எடுத்து வையுங்கள்.

“ரசிகர்கள் முடிவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவீர்களா?” கப்கேக் கதை இங்கே உதவும். முடிவு பிடிக்காததற்கும் முடிவு பொய்யாகத் தோன்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. பிடிக்காததை அப்படியே விடலாம். முன்னால் கேட்ட கேள்விகளுக்கு அந்த முடிவில் பதிலே இல்லை என்றால் திருத்த வேண்டும். இதை நிதானமாகச் சொல்பவர் ஃப்ரெஷராகத் தெரிய மாட்டார்.

9. ஆஃபர் வந்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கு வரும் காகிதங்களில் பெரும்பாலும் கதை, பாத்திரம், உலகம் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம் என்றுதான் இருக்கும். அதை மாற்றுவது கஷ்டம். ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேமின் கிரெடிட்டில் என் பெயர் எந்தத் தலைப்பில் வரும்? நடுவில் விலகினாலும் வருமா? நான் உருவாக்கிய பாத்திரம் அடுத்த பாகத்தில் வந்தால் முதலில் என்னை அழைப்பீர்களா, அழைக்காவிட்டால் அங்கே கிரெடிட் உண்டா? வாயால் சொன்ன பதில் எதற்கும் உதவாது. மெயிலில் கேளுங்கள், மெயிலிலேயே பதில் வாங்குங்கள். முதல் டிராஃப்ட் கொடுத்த எத்தனை நாளில் பணம் வரும், எத்தனை தடவை திருத்தித் தர வேண்டும் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். திருத்தத்துக்கு எண்ணிக்கை போடாத காகிதத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.